அம்மை வீட்டில் கருவாடு

என் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கிய அந்த ஆடி மாதத்தில் வீட்டுக்குள் யாருக்கும் அம்மை இல்லை. மாரியாத்தாவுக்கு உரிய மாதத்திலேயே அவள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னவள் நான்தான். பேர் ஜீவராணி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பேச்சு. கொஞ்சம் என்று சொல்கிறவர்கள் இன்னும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள்.

அந்தப் பொய்க்குக் காரணம் ஒரு தலைமுடி. என் தங்கச்சி அஞ்சலையின் மூத்த மகள் ஜெயரூபிக்குப் பதினைந்து வயது. அந்த வயதுப் பெண்ணுக்கு ஆம்பிளைப் பிள்ளைக்கு வெட்டுவது போல வெட்டிய முடி. மாதக்கணக்கில் வளர்ந்தும் இன்னும் காதைத் தொடவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிந்த சூட்டில், வடக்கிலிருந்து அப்படி ஒரு தலையோடு ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றால் வேறு விசாரணை எதுவும் தேவையில்லை. இயக்கத்துப் பிள்ளை என்று எழுதி ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றப்பட்ட பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாரின் கதைகளை நான் நிறையக் கேட்டிருந்தேன். ரூபிக்குத் தேடி அலையத் தாயும் இல்லை.

அஞ்சலை வன்னிக்குப் போனது தொண்ணூற்றிரண்டில். எழுபத்தேழு கலவரத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அடிபட்டு, சட்டி பானையோடு வடக்கே போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. அப்படிப் போன சொந்தம் ஒன்று பெண் கேட்டு வந்தது. சொந்தக் காணி, சொந்தக் கிணறு, எந்தத் துரைக்கும் சலாம் போட வேண்டாம் என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து புருஷன் போனான். பங்கருக்குள் இருந்த ரூபியை இயக்கம் இழுத்துக்கொண்டு போய், முடியை வெட்டி, கையில் துவக்கைக் கொடுத்தது. அவள் சில நாளிலேயே ஓடி வந்து தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். பிறகு அஞ்சலைக்கே வயிற்றில் காயம். காயக்காரரை ஏற்றிய கப்பலில் தாயோடு இரண்டு பிள்ளைகளும் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்து டவுனில் போய் இறங்கினார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் என் தங்கச்சி கண்ணை மூடினாள். கப்பலில் வந்தவர்களை முகாமுக்கு ஏற்றப் பஸ் வந்து நின்ற காலையில், ரூபி தன் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கமாக நடந்து வெளியேறிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் ஒரு கருவாட்டு வாடியில் சில மாதம் இருந்திருக்கிறார்கள். மீனைக் கிழிப்பது, உப்புப் போடுவது, காய வைப்பது, மழை வந்தால் அள்ளுவது. தெருவுக்குத் தெரு ஆமி, கரையெல்லாம் நேவி. அங்கே எப்படி இருந்தீர்கள் என்று ரூபியைக் கேட்டால், "இருந்தனாங்கள் பெரியம்மா," என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. சின்னவள் அதுவும் சொல்லமாட்டாள்.

எங்களைச் சேர்த்து வைத்தது மீராசாஹிப்பின் லொறி. அவர் கிழக்கிலிருந்து கருவாடு ஏற்றி வந்து எங்கள் றக்வானைச் சந்தையில் போடுகிறவர். அந்த வாடியில் சரக்கெடுக்க வந்தபோது, எந்தெந்த ஊருக்குப் போவீர்கள் என்று ரூபி கேட்டிருக்கிறாள். றக்வானை என்ற பேர் வந்ததும், தாய் பாடம் பண்ணி வைத்ததை ஒப்பித்திருக்கிறாள்: தோட்டத்துப் பேர், மேல் டிவிஷன், பிள்ளைக்காம்பரா ஜீவராணி. ஒரு சந்தை நாளில் நான் பலாக்கொட்டை பேரம் பேசிக்கொண்டு நின்றபோது அந்த மனுஷன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்.

"புள்ள, ஒங்கட சாமான் ரெண்டு என்ட லொறியில கெடக்கு. கருவாடு இல்ல. சத்தம் போடாம வாங்க."

கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் குறுகிப்போய் இரண்டு பிள்ளைகள். மூட்டைகளின் மேல் பூச்சி அண்டாமல் இருக்க வேப்பங் குழை போட்டு மூடியிருந்தது. பெரியவள் தலையில் ஒரு துவாய். சின்னவள் மடியில் பனையோலைப் பை. அது நிறையக் கட்டா மீன் கருவாடு. வாடிக்காரர் கூலிக்குப் பதிலாகக் கொடுத்ததாம். அஞ்சலையின் நெற்றி அப்படியே சின்னவளுக்கு. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது; சந்தை என்றும் பார்க்கவில்லை. மீராசாஹிப்தான் திட்டி அடக்கினார். வண்டிக்கூலி என்ன என்று கேட்டதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

சின்னவளுக்கு ஏழு வயது. எழில்நிலா என்று பேர் வைத்திருந்தாள் என் தங்கச்சி. இயக்கம் ஆண்ட ஊரில் வைக்கிற அழகான தனித்தமிழ்ப் பேர்தான். எங்கள் லயத்தில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் பேரே நடந்து போய்ப் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்துவிடும். நிரோஷா என்று மாற்றினேன். வெளியில் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்தேன். அவர்கள் பேசுகிற வன்னிப் பேச்சு எங்கள் பேச்சு இல்லை. சின்னவளுக்கு அதைச் சொல்லவே தேவையிருக்கவில்லை, அவள் வாயே திறக்கமாட்டாள். இரவில் அந்தப் பனையோலைப் பையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பாள். வேண்டாம் பிள்ளை, எலி வரும் என்றால் கேட்கமாட்டாள். கருவாட்டு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் சேருகிற முடக்கில் புதிதாக ஒரு பொலிஸ் போஸ்ட் போட்டிருந்தார்கள். சண்டை முடிந்து பாற்சோறு கொடுத்து வெடி கொளுத்திய பிறகும் அதை எடுக்கவில்லை. லயத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் அங்கே போய்ப் பதிய வேண்டும். அங்கே பொறுப்பாக இருந்த சார்ஜன் எங்களுக்குத் தெரிந்த ஆள்தான், இந்தப் பக்கத்துச் சிங்களவர். அவருடைய மகன் ஆமியில் சேர்ந்து அந்தத் தைப் பிறப்பில் வன்னியில் செத்துப்போனான். முடக்கில் அவன் படம் போட்ட பெரிய பேனர் கட்டியிருந்தது. மழை பெய்தால் சார்ஜன் ஒரு துணியை எடுத்துவந்து அந்தப் படத்தின் முகத்தைத் துடைப்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பேனர் ஈரத்தைத் துடைத்து என்ன ஆகப்போகிறது என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. என் வாய்க்கும் ஒரு அளவு உண்டு.

மகனைப் பறிகொடுத்த மனுஷன் கையில் இந்தத் தலையோடு ரூபி அகப்பட்டால் என்ன நடக்கும் என்று நினைக்காத இரவு எனக்கு இல்லை.

ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். ஆடிக் கடைசி வெள்ளியில் எங்கள் மாரியம்மன் கோயிலில் அம்மை கண்டு தேறியவர்கள் நேர்த்திக்கு மொட்டை போடுவார்கள், ஆம்பிளை பொம்பிளை பார்ப்பதில்லை. அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக ரூபியின் தலையை மழித்துவிட்டால், அதற்கு முன்னால் அந்த முடியை யார் வெட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. காரணமில்லாமல் இப்போதே மொட்டை போட்டால் லயமே கேள்வி கேட்கும். வரக்காப்பொலையில் என் செத்துப்போன புருஷனின் தங்கச்சி மகள் ஒருத்தி, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய பிறப்புப் பத்திரத்தைக் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன். மொட்டைத் தலையும் அந்தப் பத்திரமுமாகப் போஸ்டில் போய் நிற்க வேண்டும். அதுவரைக்கும் ரூபியை யாரும் பார்க்கக்கூடாது.

யாரும் பார்க்காமல் இருக்கத்தான் அம்மை. லொறியில் வந்த வேப்பங் குழையையே வாசலில் செருகினேன். எங்கள் மழைக்காட்டில் வேம்பு தழைக்காது. கோயிலில் நிற்கிற ஒன்றும் என் இடுப்புயரம்தான். ஆகவே அந்தக் குழையே தெய்வம் கொடுத்தது மாதிரி இருந்தது. அதில் கருவாட்டு வாடை அடித்ததை நான் பொருட்படுத்தவில்லை. மஞ்சள் துணியைத் தலையோடு போர்த்தி ரூபியை உள்காம்பராவில் பாயில் கிடத்தினேன். அம்மை வீட்டுக்காரி கைக்குழந்தைகளைத் தொடக்கூடாது என்று பிள்ளைக்காம்பரா வேலையும் நின்றது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் மலையில் கொழுந்தெடுக்கும் இடத்திலிருந்து பாதையின் முடக்கெல்லாம் தெரியும். ஜீப் வந்தால் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்து உதறுவதாகப் பேச்சு.

முதல் தடவை சார்ஜன் வந்தபோது வேப்பிலை வேலை செய்தது. சிங்களவர்களுக்கும் அம்மை என்றால் தெய்வத்தின் நோய்தான். தெய்யன்கே லெட என்பார்கள். வாசலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். யார் என்று கேட்டார். வரக்காப்பொலை நாத்தனார் பிள்ளைகள், பெரியவளுக்குப் போட்டிருக்கிறது என்றேன். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முறையெல்லாம் சரியாகச் செய், தாளிக்காதே, பொரிக்காதே, தன் தாய் இருந்தால் இந்த வாசலில் கற்பூரம் கொளுத்தியிருப்பாள் என்றார். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் பிள்ளையைக் கூட்டி வந்து பதியச் சொல்லிவிட்டுப் போனார். நான் மாரியாத்தாவைக் கும்பிட்டேன். கும்பிட்ட கையே கூசியது.

உள்ளே வந்து பார்த்தால் சின்னவள் பனையோலைப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். போனவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் கொடுக்கவில்லையே என்றேன். அவள் முகம் போன போக்கு எனக்கு அப்போது விளங்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டேன்.

அடுத்த தடவை அவர்கள் வந்தது நடுப்பகலில். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான் தற்செயலாக மேலே பார்க்கிறேன், தங்கம்மாவின் படங்கு காற்றில் கிடந்து அடிக்கிறது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். லயத்துச் சாக்கடைக் காணைத் தாண்டுவதற்குள் மூக்கில் அடித்தது வாசம். எண்ணெயில் பொரிகிற கட்டாக் கருவாடு. அந்த வாசத்துக்கு ஒளிவு மறைவு கிடையாது, பத்து வீட்டுக்கு எட்டும். அது என் வீட்டிலிருந்துதான் வந்தது.

முன் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் எங்கள் அடுப்பு. அதன் முன்னால் குந்தியிருந்து சின்னவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என்னுடைய நல்ல பீங்கான் தட்டு. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. இத்தனை நாள் கட்டிக் காத்ததை நாக்கு ருசிக்காக இந்தச் சனியன் கெடுத்துவிட்டதே என்று கையை ஓங்கிவிட்டேன். அவள் கையைப் பார்த்தாள், நகரவில்லை. அடி வாங்கப் பழகிய பிள்ளை அது. ஓங்கிய கை அப்படியே நின்றது. சட்டியில் தண்ணீரை ஊற்றலாம் என்று திரும்பினால், குடம் பீலியில் கிடக்கிறது.

அதற்குள் சப்பாத்துச் சத்தம் படியில் ஏறிவிட்டது.

இந்தத் தடவை சார்ஜன் தொப்பியைக் கழற்றவில்லை. பின்னால் இளம் பொலிஸ் கொஸ்தாப்பல் ஒருவன் துவக்கோடு காணுக்கு அந்தப் பக்கம் நின்றான். சார்ஜன் மூக்கை உறிஞ்சினார். அவர் சிங்களத்தில் பேசியதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அம்மா இறங்கியிருக்குற வீட்டுல கருவாடு பொரிக்கிறியா, ஜீவராணி?"

எனக்குத்தான் வாய்க்கு ருசி கேட்டது, பிள்ளை பேரில் பாவமில்லை, பூசை போட்டுக் கழித்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீ வாய்க்காரி. ஆனா சாமிக்குப் பயந்தவ. உள்ள அம்மா இருந்தா இந்தச் சட்டி அடுப்புல ஏறியிருக்காது."

சொல்லிவிட்டு வேப்பிலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்தார்.

அப்போது சின்னவள் எழுந்தாள். சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். அவருக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள். காலை அகட்டினாள். அப்படியே மெல்லச் சுற்றித் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவளைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படி நின்றுவிட்டு, சோதனை முடிந்தது என்று அவளாகவே கையை இறக்கினாள். அடுப்படிக்குப் போய் இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்துப் பீங்கான் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நீட்டினாள். கண் நிலத்தில்.

"கன்ன மாத்தயா," என்றாள். சாப்பிடுங்கள் ஐயா என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

வரக்காப்பொலையில் எந்தப் பிள்ளை இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றும்? சார்ஜனுக்கு அது விளங்கியதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். இதை எங்கே பழகினாள் என்று கேட்டார்.

உள்காம்பராவில் பாய் சரசரத்தது. ரூபி எழுந்து நிலைப்படிக்கு வந்துவிட்டாள். தங்கச்சிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று வந்தவள் மஞ்சள் துணியைப் பிடிக்க மறந்துவிட்டாள். அது தோளில் விழுந்தது. அந்தத் தலை, அந்த முடி, வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தது. முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை.

முடிந்தது என்று நினைத்தேன். என் தங்கச்சியின் பிள்ளையை என் வீட்டுக்குள் வைத்தே பறிகொடுத்தேன் என்று நினைத்தேன். முடக்கில் தொங்குகிற பேனர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

சார்ஜன் ரூபியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"வயசு என்ன?"

"பதினஞ்சுங்க மாத்தயா."

"எம் மகனுக்கு இருபத்தொண்ணு," என்றார்.

சின்னவள் தட்டை இன்னும் மேலே உயர்த்தினாள். அவர் எடுக்கவில்லை என்றதும் ஓடிப்போய்ச் சட்டியில் மிச்சமிருந்த துண்டுகளையும் அள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் அவள் கையைச் சுட்டிருக்கும். தட்டில் கருவாடு கிடந்து ஆடியது. நான் ஓங்கிய கைக்கு நடுங்காத பிள்ளை, அவர் எடுக்காததற்கு நடுங்கினாள்.

வெளியிலிருந்து கொஸ்தாப்பல், உள்ளே யாராவது இருக்கிறார்களா சேர் என்று கூப்பிட்டான்.

சார்ஜன் ஒரு துண்டை எடுத்தார். வாயில் போட்டார். மென்றார். முள்ளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்குப் பல்லில் அரைபடுகிற சத்தம்தான் கேட்டது.

"தெய்யன்கே லெட," என்று வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "கிட்ட வராத."

இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டார். போகும்போது எண்ணெய்க் கையை வாசலில் தொங்கிய வேப்பிலையில் துடைத்தார். ஜீப் முடக்கில் இறங்குகிற சத்தம் ஓய்கிறவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்தில் நின்றோம்.

நான் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்தேன். ரூபி சுவரோடு சரிந்து முகத்தை மூடிக்கொண்டாள். சின்னவள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சட்டியிலிருந்த எண்ணெயைச் சிரட்டையில் வடித்துக்கொண்டிருந்தாள். ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கேட்டில நிக்கிறவைக்கு முதல் குடுக்கோணும் பெரியம்மா. பச்சையாக் குடுத்தா எறிஞ்சு போடுவினம். பொரிச்சுக் குடுத்தா எடுப்பினம். எடுத்தா அக்காவைக் கேக்கமாட்டினம்."

வாடிக்குப் போக ஒரு ஆமி கேட், வர ஒரு கேட். தலையில் துவாய் கட்டிக்கொண்டு ரூபி மூட்டை தூக்குவாள். முன்னால் இவள் தட்டோடு போவாள். கையைத் தூக்கு, சுற்று, நீட்டு. எடுத்துக்கொண்டால் இருவரும் உள்ளே. இப்படித்தான் அந்த மாதங்களை ஓட்டியிருக்கிறார்கள். பெரியவள் சொன்ன "இருந்தனாங்கள்" இதுதான். அன்றைக்கு நான் சார்ஜனுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பியதிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை. இன்றைக்குப் படங்கு உதறியதைப் பார்த்ததும் அடுப்பை மூட்டிவிட்டாள். தலைக்கு வைத்துப் படுத்த அந்தப் பையில் இருந்தது ருசி இல்லை, அக்காவின் உயிர்.

எடுக்காவிட்டால் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"எடுக்காத ஆள் வந்த அண்டைக்குத்தான் நாங்கள் லொறியில ஏறினது."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். இது நம்ம தோட்டம், இங்கே அப்படி இல்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் எண்ணெயைத் துடைத்த இலை வாசலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அவர் திரும்பி வருவார் பெரியம்மா," என்றாள் மடிக்குள்ளிருந்து. "ஒருக்கா எடுத்தவை ஒவ்வொரு தரமும் வருவினம். ஒவ்வொரு தரமும் குடுக்கோணும்."

அன்றைக்கு இரவு ரூபி, தான் போஸ்டுக்குப் போய்த் தன்னை ஒப்படைத்துவிடுகிறேன், உங்கள் இரண்டு பேரையும் விட்டுவிடுவார்கள் என்றாள். விளக்குமாற்றை எடுத்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் வந்தார். கடைசி வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை, ஜீப் இல்லாமல், கொஸ்தாப்பல் இல்லாமல், குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மழை தூறிக்கொண்டிருந்ததால் தங்கம்மா மலையில் படங்கை உதறியது எனக்குத் தெரியவில்லை. அவர் காணுக்கு அந்தப் பக்கம் நின்றபோதுதான் பார்த்தேன். இன்னும் இரண்டே நாள். நாவிதருக்குச் சொல்லியாகிவிட்டது. கோயிலில் தோரணம்கூடக் கட்டியாகிவிட்டது.

குடைக்கு அடியில் நின்று என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு வந்தார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அந்த மனுஷனுக்கு இரக்கம்தான் இருந்ததோ, எங்கள் குடுமியைக் கையில் பிடித்திருக்கிற ருசிதான் இருந்ததோ. ரூபியைப் பார்க்கும்போது அவருக்கு மகன் ஞாபகம் வந்ததோ, மகனைக் கொன்றவர்கள் ஞாபகம் வந்ததோ. சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடலாம் போல இருந்தது. பழைய ஜீவராணி கேட்டிருப்பாள்.

ரூபி பாயில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். சின்னவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பனையோலைப் பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே கடைசியாக இரண்டு துண்டு கிடந்தது. மீராசாஹிப்பின் லொறி அந்த வாரம் வராது என்று எனக்குத் தெரியும்.

வேப்பிலை காய்ந்து சருகாகித் தொங்கிய வாசலுக்கு உள்ளே, ஆடி மாதத்தில், என் கையால் அடுப்பை மூட்டினேன். சிறு வயதிலிருந்து மாரியாத்தாவுக்குத் தீச்சட்டி ஏந்திய கை இது. ஆத்தா, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள் என்று மனதுக்குள் கேட்டேன். சட்டியை வைத்து எண்ணெயை ஊற்றி இரண்டு துண்டையும் போட்டேன். அவசரத்தில் தீயை அதிகமாகத் தள்ளிவிட்டேன் போல. சட்டி புகைந்தது.

சின்னவள் என் பக்கத்தில் குந்தி, எரிகிற கொள்ளிக்கட்டை ஒன்றை இழுத்து வெளியே போட்டாள்.

"கருக விடாதேங்கோ பெரியம்மா," என்றாள். "கருகினா எடுக்கமாட்டினம்."

நான் தீயைத் தணித்துக் கருவாட்டைப் புரட்டிப் போட்டேன். அவள் எழுந்து போய் நல்ல பீங்கான் தட்டைக் கழுவினாள்.